டிரான்சிஸ்டர் மீது விழும் பழி

கையால் கட்டிய கிட்டார் பெடலை முதல் முறை ஆம்ப்போடு இணைத்ததும் ஒன்றும் கேட்கவில்லை, அல்லது வெறும் உறுமல்தான் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டியவருக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை அநேகமாக எங்கும் ஒன்றுதான்: "டிரான்சிஸ்டர் போயிருக்கும், வேற போட்டுப் பாரு." போட்டும் பேசவில்லை என்றால், "எல்லா சால்டரையும் ஒரு வாட்டி சூடு பண்ணிவிடு." அதற்கும் மசியவில்லை என்றால், "டூப்ளிகேட் பார்ட்ஸ் கொடுத்துட்டான், வேற கடையில வாங்கு." கிட்டார் வாசிப்பவர்கள் இதைச் சொல்கிறார்கள், பொறியியல் படித்தவர்கள் சொல்கிறார்கள், பாகம் விற்கிறவர்களும் சொல்கிறார்கள். சொல்லிச் சொல்லியே, பழுது பார்ப்பது என்றால் மாற்றிப் பார்ப்பது என்றாகிவிட்டது.

இந்த வழக்கத்தை நான் முழுமையாக மறுக்கிறேன். புதிதாகக் கட்டிய பெடல் ஊமையாக இருந்தால் பாகம் கெட்டிருப்பது மிக அரிது. பாகம் உண்மையிலேயே கெட்டிருந்தாலும் அதைக் கெடுத்தது பெரும்பாலும் வேறொரு பிழை. அளக்காமல் மாற்றுகிறவர் அந்தப் பிழையை அப்படியே விட்டுவிட்டு, அது விட்டுச்சென்ற தடயத்தையும் அழித்துவிடுகிறார்.

முதலில் எதை யார் செய்தார்கள் என்று பார்ப்போம். 1966இல் லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் விற்கத் தொடங்கிய ஃபஸ் ஃபேஸ் பெடல்தான் வீட்டில் கட்டுகிறவர்களின் முதல் தேர்வு. அதைவிடச் சிறிய புகழ்பெற்ற சர்க்யூட் அரிது: நான்கு ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர், இரண்டு டிரான்சிஸ்டர், இரண்டு பொட். மொத்தமே பதினொரு பாகம். இந்தப் பதினொன்றும் தொழிற்சாலையில், லட்சக்கணக்கில் ஒரே மாதிரி செய்து பழகிய இயந்திரங்களில் இருந்து வந்தவை. சால்டர் வைத்த இடங்களை எண்ணிப் பாருங்கள். போர்டில் மட்டும் இருபது. பொட் இரண்டிலும் ஆறு. ஃபுட்ஸ்விட்ச்சில் ஒன்பது கால். இரண்டு ஜாக், பேட்டரி கிளிப், அடாப்டர் சாக்கெட், ஒவ்வொரு வயரின் மறுமுனை என்று போனால் நாற்பதைத் தாண்டிவிடும். இத்தனையும் வைத்தது ஒரே கை. அயர்னை இப்போதுதான் பழகிய கையாகவும் அது இருக்கலாம். எந்த வயர் எந்த காலுக்கு, எந்த ரெசிஸ்டர் எந்த ஓட்டைக்கு, டிரான்சிஸ்டரின் முகம் எந்தப் பக்கம் என்று முடிவெடுத்ததும் அந்த ஒருவர்தான். சந்தேகத்தை எங்கே தொடங்குவது நியாயம்? இயந்திரம் செய்த பதினொன்றிலா, கை செய்த நாற்பதிலா?

நம் ஊரில் இந்தக் கேள்விக்கு இன்னொரு அழுத்தம் உண்டு. இணையத்தில் கிடைக்கும் பெடல் வரைபடங்களில் பெரும்பகுதி அமெரிக்கப் பழக்கத்தில் எழுதப்பட்டவை. அவை 2என்3904 அல்லது 2என்5088 கேட்கும். சென்னை ரிச்சி தெருவில் போய்க் கேட்டால் கைநிறையக் கிடைப்பது பிசி547. "ரெண்டும் ஒண்ணுதான், போடுங்க" என்று தருவார்கள். மின்னியல்பைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வதில் தவறில்லை, இது போன்ற சர்க்யூட்டில் தாராளமாகப் போடலாம். ஆனால் கால்களின் வரிசை ஒன்றல்ல. தட்டையான முகத்தை நம்மைப் பார்க்க வைத்து, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், 2என்3904இல் இடமிருந்து வலமாக எமிட்டர், பேஸ், கலெக்டர். பிசி547இல் கலெக்டர், பேஸ், எமிட்டர். வரைபடம் காட்டிய திசையிலேயே சொருகினால் டிரான்சிஸ்டர் தலைகீழாக நிற்கும்.

தலைகீழாக நிற்கும் டிரான்சிஸ்டர் செத்துப் போவதில்லை என்பதை இந்த விவாதத்தில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அது அரைகுறையாக வேலை செய்யும். நூறு மடங்குக்கு மேல் பெருக்க வேண்டியது சில மடங்கோடு நின்றுவிடும். ஆம்ப்பில் மெலிந்த, நலிந்த ஒலி ஒன்று கேட்கும். கேட்டவுடன் தோன்றுவது "டிரான்சிஸ்டர் வீக்" என்பதுதான். கழற்றி, அதே கடையில் வாங்கிய இன்னொரு பிசி547ஐ அதே திசையில் சொருகுகிறார்கள். அதே நலிவு. மூன்றாவதும் அப்படியே. முடிவு தயார்: "அந்த லாட்டே டூப்ளிகேட்." மூன்று நல்ல டிரான்சிஸ்டர்கள் குப்பைக்குப் போயின. ஒரு நிமிடம் எடுத்து, பிசி547இன் கால் வரிசைப்படி எமிட்டருக்கும் பேஸுக்கும் இடையே எத்தனை வோல்ட் என்று பார்த்திருந்தால் முதல் டிரான்சிஸ்டரே பதில் சொல்லியிருக்கும்.

ரெசிஸ்டர் கதையும் இதற்குக் குறைந்ததல்ல. இப்போது கடைகளில் கிடைக்கும் நீல நிற மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்களில் ஐந்து பட்டைகள். 1 கிலோ ஓம் பழுப்பு, கறுப்பு, கறுப்பு, பழுப்பு, பழுப்பு. 10 கிலோ ஓமில் நான்காவது பட்டை மட்டும் சிவப்பு. நீலப் பின்னணியில், மஞ்சள் விளக்கில், பழுப்பையும் சிவப்பையும் பிரித்தறிவது நல்ல கண்ணுக்கே சிரமம். பழைய நான்கு பட்டை ரெசிஸ்டர்களில் 4.7 கிலோ ஓம் மஞ்சள், ஊதா, சிவப்பு. 47 கிலோ ஓம் மஞ்சள், ஊதா, ஆரஞ்சு. இந்த இரண்டும் இடம் மாறினால் என்ன ஆகும் என்பதை, உலகத்தில் அதிகம் நகலெடுக்கப்பட்ட பெடல்களில் ஒன்றான இபனேஸ் டியூப் ஸ்க்ரீமரில் கணக்குப் போட்டே பார்க்கலாம். அதில் பெருக்கத்தைத் தீர்மானிப்பது, ஒரு பக்கம் 51 கிலோ ஓமும் 500 கிலோ ஓம் டிரைவ் பொட்டும், இன்னொரு பக்கம் 4.7 கிலோ ஓம். டிரைவ் அடியில் இருந்தால் சுமார் 12 மடங்கு, முழுக்கத் திருப்பினால் சுமார் 118 மடங்கு. 4.7க்குப் பதில் 47 நுழைந்துவிட்டால் அடியில் 2 மடங்கு, உச்சியில் 13ஐக்கூட எட்டாது. அதோடு முடியவில்லை. பக்கத்தில் இருக்கும் 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரோடு சேர்ந்து அடிநாதத்தை வெட்டுகிற எல்லை 720 ஹெர்ட்ஸிலிருந்து 72க்கு இறங்கிவிடும். பெடல் ஒலிக்கிறது, ஆனால் சோம்பலாக, கொழகொழவென்று ஒலிக்கிறது.

இந்த ஒலியைக் கேட்டவர்கள் எதைக் குறை சொல்வார்கள்? ஐசியைத்தான். டியூப் ஸ்க்ரீமரின் 4558 ஐசியைச் சுற்றி ஒரு பக்தியே வளர்ந்திருக்கிறது. ஜப்பானில் செய்த ஜேஆர்சி சில்லு இருந்தால்தான் "அந்த" ஒலி வரும் என்று நம்புகிறவர்கள் பழைய சில்லுக்குப் பெருந்தொகை கொடுக்கிறார்கள். வாங்கிச் சொருகினாலும் அந்த 47 கிலோ ஓம் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கும். சில்லுகளுக்கிடையே ஒலி வேறுபாடு இருக்கிறதா என்பது தனி விவாதம், நான் இங்கே அதற்குள் போகவில்லை. பத்து மடங்கு தவறான ரெசிஸ்டரை எந்தச் சில்லாலும் ஈடுகட்ட முடியாது என்பதில் மட்டும் விவாதத்துக்கே இடமில்லை.

"அதெல்லாம் சரி, நான் டிரான்சிஸ்டரை மாற்றினேன், பெடல் பேசியதே" என்று சொல்கிறவர்கள் நிறைய. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் மாற்றும்போது நடந்தது ஒரு காரியம் மட்டும் இல்லை. பழைய சால்டர் உருகியது. டிரை சால்டராக இருந்த ஒரு பற்று புதிதாகப் பிடித்தது. இரண்டு டிராக்குகளுக்கு நடுவே மயிரிழையாகப் பாலம் போட்டிருந்த ஈயம் உறிஞ்சப்பட்டது. திசை மாறி நின்ற டிரான்சிஸ்டர் இந்த முறை சரியாக நின்றது. இத்தனையில் எது குணப்படுத்தியது? கழற்றிய டிரான்சிஸ்டரை மீட்டரில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பார்த்தவர்கள் பெரும்பாலும் அது நன்றாகவே இருப்பதைக் கண்டிருப்பார்கள். பார்க்காதவர்கள்தான் "மாத்தினேன், சரியாச்சு" என்று அடுத்தவருக்குச் சொல்கிறார்கள், அந்தச் சொல் அனுபவ அறிவு என்ற பெயரில் பரவுகிறது.

ஃபஸ் ஃபேஸ் இந்த விஷயத்தில் இன்னும் கடுமையான ஆசிரியர். அதில் முதல் டிரான்சிஸ்டரின் கலெக்டர் நேரடியாக இரண்டாவதின் பேஸோடு இணைந்திருக்கிறது, நடுவில் கெப்பாசிட்டர் கிடையாது. இரண்டாவதின் எமிட்டரிலிருந்து 100 கிலோ ஓம் வழியாக மின்னோட்டம் முதலாவதின் பேஸுக்குத் திரும்பி வருகிறது. ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கிற அமைப்பு. ஓரிடத்தில் வைத்த பிழை எல்லா இடத்திலும் தெரியும், பிழை வைத்த இடத்தில்தான் தெரியும் என்பதில்லை.

சிலிக்கான் டிரான்சிஸ்டர் போட்ட ஃபஸ் ஃபேஸில் முதல் டிரான்சிஸ்டரின் பேஸ் கால் மட்டும் சரியாகப் பற்றவில்லை என்று கொள்வோம். பேஸுக்கு மின்னோட்டம் இல்லை, முதல் டிரான்சிஸ்டர் அணைந்துவிடும். அதன் கலெக்டரை 33 கிலோ ஓம் மேலே இழுக்கும், அந்த மின்னோட்டம் முழுவதும் இரண்டாவதின் பேஸுக்குள் பாயும், இரண்டாவது முழுக்கத் திறந்து திணறும். மீட்டரை வைத்தால் இரண்டாவதின் எமிட்டரில் சுமார் 1.1 வோல்ட், பேஸில் 1.8, பாதி பேட்டரியாகிய 4.5 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய கலெக்டரில் வெறும் 1.2. கலெக்டரும் எமிட்டரும் கிட்டத்தட்ட ஒரே வோல்ட்டில் நிற்பதைப் பார்த்ததும் அரைகுறையாக அளக்கிறவர்கூட "ரெண்டாவது டிரான்சிஸ்டர் ஷார்ட்" என்று தீர்ப்பு எழுதிவிடுவார். ஷார்ட்டே இல்லை. அது தனக்குக் கொடுத்த கட்டளையை அப்படியே நிறைவேற்றிக்கொண்டிருக்கிறது. பேஸ் எமிட்டரைவிட 0.7 வோல்ட் மேலே இருப்பதே அது உயிரோடு இருப்பதற்குச் சாட்சி. ஏன் இவ்வளவு திறந்திருக்கிறது என்ற கேள்வியைக் கேட்டால் முதலாவதின் கலெக்டருக்கும், அங்கிருந்து முதலாவதின் பேஸுக்கும் போய்ச் சேருவோம். அங்கே போர்டின் மேலே இருக்கும் காலில் 1.1 வோல்ட்டே இல்லை, கீழே இருக்கும் டிராக்கில் இருக்கிறது. இடையில் இருப்பது பற்றாத சால்டர். கண்டுபிடிப்பு முடிந்தது. எதையும் கழற்றவில்லை, எதையும் வாங்கவில்லை.

அளப்பதிலும் அறிவு வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன், அளவு என்ற பெயரில் நடக்கும் அவசரத்தையும் நான் ஆதரிக்கவில்லை. மலிவான மஞ்சள் மல்டிமீட்டர்களின் உள் தடை பல நேரம் 1 மெகா ஓம்தான், நல்ல மீட்டரில் 10 மெகா. டியூப் ஸ்க்ரீமரின் நுழைவாயில் டிரான்சிஸ்டருக்கு 510 கிலோ ஓம் வழியாக அரை மின்னழுத்தம் வருகிறது. அதன் பேஸில் 4 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மலிவு மீட்டரின் முனையை வைத்த கணத்தில் மீட்டரே சர்க்யூட்டில் ஒரு ரெசிஸ்டராகிவிடுவதால் எண் 3ஐக்கூடத் தொடாது. இதைப் பார்த்து டிரான்சிஸ்டரைப் பிடுங்கினால் குற்றம் மீட்டருடையது. எமிட்டரில் அளந்திருந்தால் அங்கே இருப்பது 10 கிலோ ஓம்தான், மீட்டர் உண்மையைச் சொல்லியிருக்கும். உயர்ந்த தடைகளுக்கு நடுவே வரும் எண்ணை அப்படியே நம்பக்கூடாது, தாழ்ந்த தடையுள்ள பக்கத்துக் காலைப் பார்க்க வேண்டும் என்பது ஒரு மாலையில் கற்கக்கூடிய பாடம். பாகம் மாற்றிக்கொண்டே இருந்தால் எத்தனை ஆண்டானாலும் அது வந்து சேராது.

இன்னொரு அடிப்படை விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இதனால் தவறாகத் தண்டிக்கப்பட்ட போர்டுகள் ஏராளம். பெரும்பாலான பெடல்களில் நுழைவு ஜாக் ஸ்டீரியோ ஜாக். பேட்டரியின் நெகட்டிவ் அதன் நடுவளையத்தில் இணைந்திருக்கும். கிட்டாரின் மோனோ பிளக்கைச் சொருகினால்தான் நடுவளையம் கிரவுண்டோடு சேர்ந்து சர்க்யூட்டுக்கு மின்சாரம் போகும். பெட்டியைத் திறந்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மீட்டரை எடுத்து அளந்தால் எல்லா இடத்திலும் பூஜ்யம்தான் வரும். "மொத்தமும் போச்சு" என்று முடிவு கட்டுகிறவருக்கு அங்கே ஒரு பழுதும் இல்லை, பிளக்தான் இல்லை.

"எல்லா சால்டரையும் சூடு பண்ணு" என்ற அறிவுரை மேலோட்டமாகப் பார்த்தால் என் வாதத்துக்கு நெருக்கமானதுபோல் தெரியும். கைவேலைதான் பிழை என்றால் கைவேலையைத் திரும்பச் செய்வதில் என்ன தவறு? தவறு இதில்தான்: நாற்பது இடங்களில் முப்பத்தொன்பது நன்றாக இருக்கின்றன. அந்த முப்பத்தொன்பதையும் மீண்டும் உருக்கும்போது, மலிவான ஜீரோ பிசிபியின் செம்பு வளையம் ஒட்டு விட்டுக் கிளம்பும். ஃபுட்ஸ்விட்ச்சின் காலை அதிகம் சூடாக்கினால் உள்ளே பிளாஸ்டிக் இளகி, தொடுமுனை நகர்ந்து, நேற்றுவரை நன்றாக இருந்த ஸ்விட்ச் நிஜமாகவே பழுதாகும். ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் சூட்டைத் தாங்காது என்பது எல்லோருக்கும் தெரியும், இருந்தும் அதற்கும் ஒரு சூடு வைக்கப்படுகிறது. அதற்குமேல், தவறான இடத்தில் போட்ட வயரையோ தவறான மதிப்புள்ள ரெசிஸ்டரையோ எத்தனை முறை சூடாக்கினாலும் அது சரியான இடத்துக்கு நகராது. ஒரு பழுதோடு மேசைக்கு வந்த பெடல் மூன்று பழுதோடு திரும்பிப் போவது இப்படித்தான்.

இதற்கு மாற்றாக நான் சொல்வது புதியதொன்றும் இல்லை. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ரேடியோ பழுது பார்த்த மெக்கானிக்குகளின் கையில் இருந்த வழக்கம்தான் அது. பேசாத ரேடியோவைத் திறந்ததும் அவர்கள் எதையும் கழற்றவில்லை. ஸ்க்ரூடிரைவரின் உலோகத்தை விரலால் தொட்டபடி வால்யூம் கன்ட்ரோலின் நடுக்காலில் வைத்தார்கள். ஸ்பீக்கரில் உறுமல் கேட்டால் அங்கிருந்து ஸ்பீக்கர் வரை நலம், பழுது முன்பக்கத்தில். கேட்கவில்லை என்றால் பழுது பின்பக்கத்தில். ஒரே தொடுகையில் ரேடியோவின் பாதி சந்தேகத்திலிருந்து விடுபட்டது. அதே முறையில் ஒவ்வொரு நிலையாகச் சுருக்கிக்கொண்டே போனார்கள். அந்தத் தலைமுறை மெக்கானிக்குகளிடம் அலைக்காட்டி கிடையாது, பலரிடம் பட்டமும் கிடையாது. பழுதுக்கு ஓர் இருப்பிடம் உண்டு என்ற நம்பிக்கையும், அதைத் தேடும் ஒழுங்கும் இருந்தன. அந்த ஒழுங்கை நாம் தொலைத்தது பெரிய இழப்பு என்று எண்ணுகிறேன்.

பெடலுக்கு அதே வேலையைச் செய்ய ஒரு பழைய கிட்டார் கேபிளும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றும் போதும், மேலே 104 என்று அச்சிட்டிருக்கும் சின்ன வில்லை. கேபிளின் ஒரு முனை ஆம்ப்பில். மறுமுனையை வெட்டி, உள்கம்பியின் நுனியில் கெப்பாசிட்டரையும், வெளிவலையில் ஒரு முதலைக் கிளிப்பையும் வைத்துச் சால்டர் செய்கிறோம். கிளிப்பைப் பெடலின் கிரவுண்டில் மாட்டிவிட்டு, நுழைவில் செல்பேசியிலிருந்து ஏதாவது பாட்டை மெல்லிய ஒலியில் ஓடவிட்டு, கெப்பாசிட்டரின் எதிலும் இணையாத காலால் சர்க்யூட்டைத் தொட்டுக்கொண்டே போகிறோம். நுழைவு ஜாக்கில் கேட்கிறதா? முதல் கெப்பாசிட்டரின் இந்தப் பக்கம்? அந்தப் பக்கம்? பேஸில்? கலெக்டரில் பெரிதாகக் கேட்கிறதா? எங்கே பாட்டு நிற்கிறதோ, கடைசியாகக் கேட்ட புள்ளிக்கும் அதற்கும் நடுவில் பழுது. நேர்மின்னழுத்தம் ஆம்ப்புக்குள் போகாமல் கெப்பாசிட்டர் தடுத்துவிடும், அதனால் ஒன்பது வோல்ட் பெடலில் எங்கே தொட்டாலும் பயமில்லை. நடுவில் தொடங்கிப் பாதிப் பாதியாகக் குறைத்தால், தொட வேண்டிய புள்ளி பதினாறு இருந்தாலும் நான்கு தொடுகையில் இடம் தெரிந்துவிடும்.

"நல்ல காது உள்ளவனுக்கு இதெல்லாம் தேவையில்லை" என்கிறவர்களுக்கு என் பதில் சுருக்கமானது. காது எங்கே தொடங்க வேண்டும் என்று சொல்லும். கனத்த உறுமல் கிரவுண்டை நோக்கிக் கைகாட்டும், விட்டுவிட்டுத் தும்மும் ஒலி பயாஸை நோக்கி, கீச்சிடும் அலறல் நுழைவு வயரும் வெளி வயரும் உரசிக்கொண்டு ஓடுவதை நோக்கி. சந்தேகத்துக்கு அது போதும். ஒரு பாகத்தைக் கெட்டது என்று தீர்மானிக்க மீட்டர் வேண்டும்.

எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம் போலிகளைப் பற்றியது. போலிகள் உண்மை, நான் மறுக்கவில்லை. பழைய பெயரை அச்சிட்டு விற்கும் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள், உற்பத்தி நின்றுபோன ஜேஃபெட்கள், எக்கோ பெடல்களுக்கான பழைய எம்என்3005 போன்ற சில்லுகள் ஆகியவற்றில் ஏமாற்று நடக்கிறது. ஆனால் ஏமாற்றுகிறவருக்கும் கணக்கு உண்டு. அருமையும் விலையும் உள்ளதைத்தான் போலி செய்வார்கள். சில்லறைக் காசுக்கு விற்கும் ரெசிஸ்டரைப் போலி செய்து யாருக்கு லாபம்? 4558 என்று அச்சிட்டு வரும் போலிகூடப் பெரும்பாலும் வேறொரு இரட்டை ஆப்-ஆம்ப்தான். அதைச் சொருகினால் எட்டாம் காலில் 9, நான்காம் காலில் 0, மீதி ஆறிலும் 4.5 வோல்ட் வந்தே தீரும். வரவில்லை என்றால் சர்க்யூட்டைப் பாருங்கள். ஒலியின் குணத்தைப் பற்றி வேண்டுமானால் போலி மேல் வழக்குத் தொடரலாம், மௌனத்துக்காகத் தொடர முடியாது.

ஜெர்மானியம் தனி வழக்கு. அங்கே பாகத்தைச் சந்தேகிப்பது நியாயம், நான் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். அறுபதுகளில் ஃபஸ் ஃபேஸில் போட்ட என்கேடி275 டிரான்சிஸ்டர்கள் ஒன்றுபோல் ஒன்று இருந்ததில்லை. இரண்டு பெடல் ஒரே மாதிரி ஒலிக்காததற்கு அதுவே காரணம். பேஸுக்கு எதுவும் கொடுக்காதபோதே கலெக்டரில் மின்னோட்டம் கசியும் என்பது ஜெர்மானியத்தின் இயல்பு. அதற்கும் விடை அளவுதான். பெடல் சர்க்யூட்டுகளைப் பற்றி எழுதும் ஆர்.ஜி. கீன் பிரபலப்படுத்திய சோதனை மிக எளிது: 9 வோல்ட் பேட்டரி, கலெக்டரில் சுமார் 2.47 கிலோ ஓம், பேஸில் ஒரு பட்டன் வழியாக 2.2 மெகா ஓம். பட்டனை அழுத்தாமல் கலெக்டர் ரெசிஸ்டரின் குறுக்கே வரும் வோல்ட் கசிவு. அழுத்தினால் வருவது கசிவும் பெருக்கமும் சேர்ந்தது. முதலாவது 0.4, இரண்டாவது 1.2 என்றால் வித்தியாசம் 0.8, உண்மையான பெருக்கம் 80. மல்டிமீட்டரின் டிரான்சிஸ்டர் சாக்கெட்டில் வைத்தால் இந்தக் கசிவையும் பெருக்கமாக எண்ணி உயர்ந்த எண் ஒன்றைக் காட்டும். அதை நம்பி வாங்கிப் போட்டவர்கள்தான் பிறகு "ஜெர்மானியமே ராசியில்லை" என்கிறார்கள்.

கசிவு வெப்பத்தோடு ஏறும், ஏறக்குறைய 10 டிகிரிக்கு இரு மடங்கு. இது லண்டனின் குளிரில் பிறந்த பெடலைச் சென்னையின் மே மாதத்தில் வாசிக்கிறவர்கள் மனத்தில் நிறுத்த வேண்டிய விஷயம். குளிரூட்டிய அறையில் 25 டிகிரியில் 4.5 வோல்ட்டுக்குச் சரிசெய்த கலெக்டர், திறந்தவெளி மேடையின் 40 டிகிரியில் அங்கே நிற்காது. ஒலி கரகரத்து அறுந்து அறுந்து வரும். "டிரான்சிஸ்டர் போயிடுச்சு" என்று அங்கேயே தீர்ப்பாகிவிடும். போகவில்லை. மறுநாள் காலை அறையில் வைத்தால் அதே பெடல் பழையபடி பாடும். கலெக்டர் ரெசிஸ்டருக்குப் பதில் ஒரு டிரிம் பொட் வைத்திருந்தால் மேடையிலேயே திருகிச் சரிசெய்திருக்கலாம்.

நிஜமாகச் செத்த பாகங்களுக்கு வருவோம். செத்திருக்கிறது என்றால் கொன்றது யார் என்று கேட்காமல் இன்னொன்றைப் பலி கொடுப்பது எப்படிச் சரியாகும்? கிட்டார் பெடல்களில் அடாப்டரின் நடுமுனை நெகட்டிவ். வீட்டு ரவுட்டரோடு வரும் அடாப்டரில் பெரும்பாலும் நடுமுனை பாசிட்டிவ். பாதுகாப்பு டையோடு வைக்காத பெடலில் அதைச் சொருகினால் ஐசி போகும், எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் உப்பும். புது ஐசி போட்டு அதே அடாப்டரைச் சொருகினால் அதுவும் போகும். பிஎன்பி ஜெர்மானியம் போட்ட பழைய பாணி ஃபஸ் ஃபேஸில் கிரவுண்ட் பாசிட்டிவ். அதை மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் சங்கிலியாகக் கோத்தால், கிட்டார் கேபிளின் வெளிவலை வழியாகவே அடாப்டர் ஷார்ட் ஆகும், எல்லாப் பெடலும் ஒன்றாக அணையும். அங்கேயும் பழி ஜெர்மானியத்தின் மேல். இதைத் தவிர்க்கச் சிலர் ஐசிஎல்7660 சில்லு வைத்து நெகட்டிவ் மின்னழுத்தம் உண்டாக்குகிறார்கள், நல்ல யோசனை. ஆனால் அந்தச் சில்லின் தாங்கும் எல்லை 10.5 வோல்ட். ஒழுங்குபடுத்தாத டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் மேல் 9 வோல்ட் என்று எழுதியிருந்தாலும், பெடல் இழுக்கும் சில மில்லி ஆம்பியருக்கு அது 12ஐத் தாண்டி நிற்கும். சில்லு போய்க்கொண்டே இருக்கும், "இந்த நம்பரே மோசம்" என்ற பெயரும் நிலைத்துவிடும். அடாப்டரை யாரும் அளக்கவில்லை.

பாகம் மலிவு, நேரம்தான் விலை, அதனால் மாற்றுவதே லாபம் என்று கடைசியாக ஒரு வாதம் வரும். வருடக்கணக்கில் ஒரே மாடல் ஆம்ப்பைப் பழுது பார்க்கும் கடைக்காரருக்கு அது பொருந்தலாம். எந்தப் பாகம் முதலில் போகும் என்று அவருக்குத் தெரியும், போர்டு ஏற்கெனவே ஒருமுறை வேலை செய்த போர்டு. புதிதாகக் கட்டிய போர்டு ஒருமுறைகூட வேலை செய்ததில்லை. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல்தான் கடையின் வழக்கத்தை வீட்டு மேசைக்கு இறக்குமதி செய்துவிட்டோம். வேலை செய்துகொண்டிருந்தது நின்றால் பாகத்தைச் சந்தேகிக்கக் காரணம் உண்டு. பிறந்ததிலிருந்தே பேசாத ஒன்றில் சந்தேகம் கட்டியவிதத்தின் மேல்தான் முதலில் விழ வேண்டும்.

ஃபஸ் என்ற ஒலியே ஒரு பழுதை மதித்தவர்களால் நமக்குக் கிடைத்தது என்பதை இந்தத் துறையில் இருக்கிறவர்கள் அறிவார்கள். பாடகர் மார்ட்டி ராபின்ஸ் 1961இல் வெளியிட்ட 'டோன்ட் வொர்ரி' பாடலுக்கான நாஷ்வில் ஒலிப்பதிவில் கிரேடி மார்ட்டின் பேஸ் கிட்டார் வாசித்தபோது, ஒலிக்கலவை மேசையின் ஒரு சேனலில் டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகி ஒலி கிழிந்து வந்தது. ஒலிப்பொறியாளர் கிளென் ஸ்னாடி அந்தச் சேனலைத் தூக்கி எறிந்து வேறு போட்டிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். அவர் அந்த ஒலி எப்படி உண்டாகிறது என்று ஆராய்ந்தார். இன்னொரு பொறியாளரான ரெவிஸ் ஹாப்ஸோடு சேர்ந்து டிரான்சிஸ்டர்களால் அதைத் திரும்ப உண்டாக்கினார். 1962இல் கிப்சன் நிறுவனத்தின் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்று அது கடைக்கு வந்தது. நாம் இன்று வீட்டில் கட்டும் ஃபஸ் பெடல்கள் அனைத்தும் அதன் வழிவந்தவை.

ஆகவே இனி யாராவது ஊமைப் பெடலோடு வந்தால், அறிவுரை சொல்கிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். டிரான்சிஸ்டரைப் பற்றிப் பேசும் முன்னால் சிலவற்றை விசாரியுங்கள். அடாப்டரை ஒதுக்கிவிட்டுப் புது பேட்டரி போட்டாயா, அது எத்தனை வோல்ட்? அளக்கும்போது நுழைவு ஜாக்கில் பிளக் இருந்ததா? எந்த டிரான்சிஸ்டர் வரைபடத்தில் இருந்தது, எதைப் போட்டாய், அதன் கால் வரிசையைப் பார்த்தாயா? ஒவ்வொரு காலிலும் என்ன வோல்ட் என்று ஒரு தாளில் எழுது. பாட்டு எந்தப் புள்ளிவரை கேட்கிறது? இந்தப் பதில்கள் கையில் வந்த பிறகும் டிரான்சிஸ்டர்தான் காரணம் என்று எண்கள் சொன்னால், அப்போது கழற்றச் சொல்லுங்கள். கழற்றியதைக் குப்பையில் போடாமல் மீட்டரில் வைத்துப் பார்க்கவும் சொல்லுங்கள்.